கட்டம் போட்ட தாளும் அசையும் சித்திரமும்

ஆரணி என்னும் ஊரைக் குறித்து எழுதப் புகும் சரித்திர ஆசிரியர்கள், இரண்டு யுத்தங்களைச் சொல்லிவிட்டு அப்பால் நகர்ந்துவிடுவது வழக்கம். ஆர்க்காட்டு முற்றுகையில் தப்பிப் பிழைத்த ராபர்ட் கிளைவ், சந்தா சாகிபின் புதல்வன் ராஜா சாகிபின் படையை 1751 டிசம்பர் 3-ஆம் தேதி இவ்வூரின் அருகே முறியடித்தான் என்பது ஒன்று. 1782 ஜூன் 2-ஆம் தேதி ஹைதர் அலியின் சேனையும் சர் அயர் கூட்டின் சேனையும் இதே பிரதேசத்தில் மோதின என்பது மற்றொன்று. இன்னும் சற்று விரிவாக எழுதுவோர், மராட்டியர் காலத்தில் ஜாகீர் பெற்று இங்கே தலைமுறை தலைமுறையாக ஆண்ட வம்சத்தாரையும், அவர்கள் எஸ்.வி. நகரத்தில் எழுப்பிய மாளிகையையும், பூசிமலைக்குப்பத்துக் காட்டினுள் பாழடைந்து நிற்கும் கண்ணாடி மாளிகையையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் தமிழ்நாட்டின் கல்யாண வீடுகளில் ஆரணியின் பெயரை உச்சரிக்க வைத்தது யுத்தமுமன்று, ஜாகீருமன்று. கமண்டல நாகநதிக் கரையிலுள்ள இவ்வூரிலும், சேவூர், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் முதலிய சுற்றுக் கிராமங்களிலும், குழித்தறியில் கால் தொங்கவிட்டு அமர்ந்து பட்டு நெய்த எளிய மனிதர்களின் கைத்திறனேயாகும். அவர்களுள் யார் எந்தக் கரையை முதன்முதலில் எண்ணிக் கண்டான், எந்த முந்தானையின் மயிலுக்கு யார் கழுத்து வளைத்தான் என்பதை எந்தச் சரித்திரமும் எழுதி வைக்கவில்லை.

இந்தக் குறையை நினைக்கும்போது, ஆரணிக்கு நெடுந்தூரத்தில், வேறொரு தொழிலில், ஏறக்குறைய இதே விதமான உழைப்பில் ஆயுளைக் கழித்த ஒரு சித்திரக்காரரின் சரிதம் மனத்தில் எழுகிறது. அவர் பெயர் ராம் மோகன். இந்தியாவில் அசையும் சித்திரக் கலைக்குத் தந்தை என்று அத்தொழிலில் உள்ளோரால் மதிக்கப்பட்டவர். நெசவுக்கும் சினிமாச் சித்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் கேட்கலாம். அச்சம்பந்தம் நாம் கற்பித்துக்கொள்வதன்று. இரண்டு தொழில்களின் உள்ளமைப்பிலேயே அது இருக்கிறது.

பட்டுச் சேலையில் ஒரு புட்டாவோ கரையோ பழைய முறையில் தோன்றும் விதத்தைச் சற்றுப் பார்ப்போம். டிசைன் போடுபவர் மாங்காய், அன்னம், யாளி, ருத்திராட்சம், கோபுரம் என்று தம் மனத்தில் பட்ட உருவத்தை முதலில் வெறும் தாளில் வரைகிறார். பிறகு அதைக் கட்டம் போட்ட கிராஃப் தாளுக்கு மாற்றுகிறார். அத்தாளில் ஒவ்வொரு கட்டமும், பாவின் ஓர் இழையும் ஊடையின் ஓர் இழையும் சந்திக்கும் ஒரு புள்ளியாகும். வர்ணம் தீட்டிய கட்டத்தில் பாவின் இழை மேலெழும்ப வேண்டும். தீட்டாத கட்டத்தில் அது அடங்கிக் கிடக்க வேண்டும். இக்கணக்கைப் பார்த்துக்கொண்டே அட்டை குத்துபவர், வரிக்கு ஓர் அட்டையாகத் துளையிட்டு, அவற்றை நூலால் ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியாக்குகிறார். தறியின் தலைக்கு மேலுள்ள ஜக்கார்டு பெட்டியில் அச்சங்கிலி ஏறியதும், நெசவாளி மிதியை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் ஓர் அட்டை வந்து நிற்கிறது. துளையுள்ள இடத்தில் கொக்கி இழையைத் தூக்குகிறது. நாடா குறுக்கே ஓடுகிறது. அடுத்த அட்டை வருகிறது. மயிலின் அலகிலிருந்து தோகை முடியும்வரை அதைக் கண்ணால் முழுதும் கண்டவர் டிசைன் போட்டவர் ஒருவரே. மற்றவர்கள் அதை வரிவரியாக மட்டுமே அறிவார்கள்.

பிரான்ஸ் தேசத்தில் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டில் இந்த யந்திரத்தை முறைப்படுத்தினார். அவர் காலமான சில வருஷங்களுக்குப் பின், 1839-இல், அவருடைய உருவப்படத்தையே அதே லியோன் நகரத்து நெசவாளர்கள் பட்டில் நெய்தார்கள். அதற்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் வேண்டியிருந்தன. செதுக்குச் சித்திரமோ என்று பார்ப்பவர் மயங்கும்படி அமைந்த அப்பட்டுப் படம் ஒன்றை இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் வாங்கி வீட்டில் மாட்டி வைத்து, வந்த விருந்தினருக்கெல்லாம் காட்டி மகிழ்ந்தார் என்பர். கணக்கிடும் யந்திரத்தைக் கனவு கண்ட அவர், அதற்குக் கட்டளையிடும் உபாயமாகத் துளையிட்ட அட்டைகளையே கைக்கொண்டார். இன்றைய கம்ப்யூட்டரின் வம்சாவளியை மேலே மேலே தேடிக்கொண்டு போனால் பட்டுத்தறியின் அட்டைச் சங்கிலியில் போய் முட்டும் என்பது, ஆரணிக்காரர்கள் நியாயமாகப் பெருமை கொள்ளத்தக்க விஷயம். ஒரு சித்திரத்தைக் கணக்காக்கி, பல்லாயிரம் சிறு படிகளாகப் பிரித்து, மீண்டும் கிரமமாக ஒன்று சேர்த்தால் முழு உருவம் பிழையின்றித் திரும்பி வரும் என்ற உண்மையை உலகுக்கு முதலில் மெய்ப்பித்துக் காட்டியவர்கள் நெசவாளர்களே.

அசையும் சித்திரமும் அதே உண்மையின்மேல் நிற்பதுதான். திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. பத்து நிமிஷம் ஓடும் படத்துக்கு 14,400 படங்கள் வேண்டும். ஒவ்வொரு சித்திரத்தையும் இரண்டிரண்டு தடவை படம்பிடித்துச் சிக்கனம் செய்தாலும் 7,200 சித்திரங்களுக்குக் குறைவில்லை. பிரதான சித்திரக்காரர் ஓர் அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் வரைகிறார். இடைநிலைச் சித்திரங்களை உதவியாளர் நிரப்புகின்றனர். கம்ப்யூட்டர் வருமுன், வேறு சிலர் அவற்றைச் செல்லுலாய்டு தகடுகளில் கோடிழுத்துப் பிரதி செய்தனர். இன்னும் சிலர் தகட்டின் பின்புறம் வர்ணம் பூசினர். கடைசியில் காமிராக்காரர், வரிசை தவறாமல் தகடுகளை ஒவ்வொன்றாக அடுக்கிப் படமெடுத்தார். ஒரு பாத்திரம் கையை உயர்த்தி வணங்கும் காட்சியில் எட்டாவது சித்திரத்தை மட்டும் வரைந்த உதவியாளருக்கும், மயிலின் கண் வரும் வரியைக் குத்திய அட்டைக்காரருக்கும் தொழிலில் பேதம் அதிகமில்லை. இருவரும் முழுமையைத் தம் கண்ணால் காணாமலே அதற்குப் பாத்தியப்பட்டவர்கள்.

நம் தேசத்தில் இக்கலையின் தொடக்கம் தாதாசாகேப் பால்கேயிடம் இருக்கிறது. சினிமாத் தொழிலுக்கு அடிகோலுமுன்பே, ஒரு பட்டாணி முளைவிட்டுச் செடியாகும் அதிசயத்தை நாள்தோறும் சிறிது சிறிதாகப் படம்பிடித்து அவர் ஓட்டிக் காட்டினார்; 1915-இல் தீக்குச்சிகளை அசைத்து அசைத்து ஒரு சிறு படமும் எடுத்தார். 1934-இல் கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் ஸ்தாபனம் 'தி பீ பிரதர்ஸ்' என்ற சித்திரப்படத்தை வெளியிட்டது. சென்னையில் ஜெமினி ஸ்டூடியோவும் 1940-களில் 'சினிமா கதம்பம்' என்ற படத்தின் மூலம் இம்முயற்சியில் இறங்கியது. ஆயினும் இவையெல்லாம் தனித்தனிப் பிரயத்தனங்களாகவே நின்றன; குரு சிஷ்ய பரம்பரையாகத் தொழில் வேரூன்றவில்லை. பணம் போடுவோர் அஞ்சியதில் ஆச்சரியமில்லை. இரண்டு நடிகர்களை நிறுத்தி ஒரு பகலில் எடுத்துவிடக்கூடிய காட்சியை, ஒரு கூட்டம் சித்திரக்காரர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைய வேண்டியிருக்கையில், லாபம் எங்கிருந்து வரும்?

வியாபாரிகள் தயங்கிய இடத்தில் சர்க்கார் துணிந்தது. 1948-இல் பம்பாயில் ஸ்தாபிதமான ஃபிலிம்ஸ் டிவிஷன், 1956-இல் தன்னுள் ஒரு கார்ட்டூன் பகுதியை ஏற்படுத்திக்கொண்டது. அதில் சேர்ந்த இளைஞர்களுக்குப் பயிற்சியளிக்க, அமெரிக்கத் தொழில் நுணுக்க உதவித் திட்டத்தின் கீழ் கிளேர் வீக்ஸ் என்பவர் வந்தார். வால்ட் டிஸ்னியின் ஸ்டூடியோவில் 'பாம்பி' படத்தில் பணிபுரிந்த அனுபவசாலி அவர். மான்குட்டியின் கதையில் கைபழகியவர், பம்பாயில் தம் மாணாக்கரைக் கொண்டு முதலில் செய்வித்ததும் ஒரு மானின் கதையே என்பது விசித்திரமான பொருத்தம். புத்த ஜாதகத்திலிருந்து எடுத்த 'தி பான்யன் டியர்' என்ற அப்படத்துக்கு, அஜந்தா சுவரோவியங்களின் பாணியை ஆதாரமாகக் கொண்டார்கள்.

அந்த மாணாக்கருள் ஒருவரே 1931-இல் பிறந்த ராம் மோகன். ரசாயனம் பயின்று, அத்துறையிலேயே உத்தியோகம் தேடிக்கொள்ள வேண்டிய நிலையில் இருந்தவர், சித்திரத்தின்மேல் கொண்ட பற்றினால் படிப்பை விட்டுக் கார்ட்டூன் பகுதியில் புகுந்தார். ஏறக்குறைய பன்னிரண்டு வருஷம் அங்கே அவர் கற்றது, கோடு இழுக்கும் வித்தை மாத்திரமன்று. சர்க்கார் தந்த சொற்பப் பணத்தில், எழுத்தறியாத கோடிக்கணக்கான ஜனங்களுக்கு, குடும்பக் கட்டுப்பாடும் சுகாதாரமும் தேச ஒற்றுமையும் புரியும்படி சொல்ல வேண்டும். டிஸ்னியின் ஆடம்பரம் அதற்கு ஆகாது. ஆகையால், நூறு சித்திரம் வேண்டிய இடத்தில் முப்பதைக் கொண்டு காரியத்தை முடிக்கும் சிக்கன முறையையும், தட்டையான வர்ணங்களையும் நம் நாட்டு ஓவிய சம்பிரதாயத்தின் கோடுகளையும் கொண்டே உயிர்ப்பை உண்டாக்கும் வழியையும் அந்த இளைஞர் கூட்டம் தேடிக் கண்டது. நாடெங்குமுள்ள சினிமாக் கொட்டகைகளில் பிரதான படத்துக்குமுன் ஃபிலிம்ஸ் டிவிஷனின் படங்களைக் காட்டியே தீரவேண்டும் என்ற விதி அக்காலத்தில் இருந்ததாலும், அப்படங்கள் தமிழ் உள்ளிட்ட பல பாஷைகளில் தயாரானதாலும், பம்பாயில் வரைந்த அந்தக் கோடுகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் கீற்றுக் கொட்டகைகளிலும் அசைந்தன. மணலில் அமர்ந்து பார்த்தவர்களுள் எவருக்கும் வரைந்தவர் பெயர் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியிருக்கவும் நியாயமில்லை.

1960-களின் இறுதியில் அவர் சர்க்கார் உத்தியோகத்தை விட்டு வெளியேறி, பிரசாத் புரொடக்ஷன்ஸின் சித்திரப் பகுதிக்குத் தலைவரானார். 1972-இல் 'ராம் மோகன் பயோகிராபிக்ஸ்' என்ற சொந்த ஸ்தாபனத்தைத் தொடங்கினார். 'பாப் ரே பாப்' (1968), 'யூ செட் இட்' (1972), 'ஃபயர் கேம்ஸ்' (1983) ஆகியவை தேசிய விருது பெற்றன. ஆனால் விருது வேறு, ஜீவனம் வேறு. ஸ்தாபனத்தை நடத்திச் செல்ல விளம்பரப் படங்கள்தாம் கைகொடுத்தன. பிறர் எடுத்த படங்களின் முகப்புச் சித்திரங்களும் சில நிமிஷக் காட்சிகளும் வந்து சேர்ந்தன. மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்' படத்தில் அவர் கைவண்ணம் உண்டு. 1977-இல் வந்த சத்யஜித் ராயின் 'சத்ரஞ்ச் கே கிலாடி'யில், சுதேச ராஜ்யங்களைக் கும்பினியார் ஒவ்வொன்றாக விழுங்கிய வரலாற்றை, டல்ஹௌசிப் பிரபு செர்ரிப் பழம் தின்பதாகச் சித்திரித்து நகைக்க வைக்கும் பகுதி அவருடையதே. தமிழ் வாசகர்களுக்கு இவற்றைவிட நெருங்கிய உதாரணம் ஒன்று இருக்கிறது: 1989-இல் ஏவி.எம். தயாரித்து எஸ்.பி. முத்துராமன் இயக்கிய 'ராஜா சின்ன ரோஜா'வில் ரஜினிகாந்தும் குழந்தைகளும் கார்ட்டூன் மிருகங்களோடு ஆடிப்பாடிய காட்சியைப் பார்க்காத வீடு அக்காலத்தில் அபூர்வம். அம்மிருகங்களுக்கு உயிர் கொடுத்தவர் ராம் மோகன். பாட்டை முணுமுணுத்த லட்சக்கணக்கானவருள் இதை அறிந்தவர்கள் எத்தனை பேர்?

பிற்பாடு தொலைக்காட்சி வந்தது. சென்னையில் 1975 ஆகஸ்ட் 15-ஆம் தேதி நிலையம் தொடங்கியது. 1982-இல் வர்ணம் வந்தது. 1986-இல் சுத்தசத்வ பாசுவின் 'காயப் ஆயா' தூர்தர்ஷனில் இந்தியச் சித்திரத் தொடர்களுக்கு முன்னோடியாய் அமைந்தது. ராம் மோகனின் கை தொலைக்காட்சியில் நிலைத்தது 'மீனா' என்னும் சிறுமியின் மூலம். தெற்காசியாவில் பெண் குழந்தைகள் படும் பாரபட்சத்தை நீக்கும் நோக்கத்தோடு யூனிசெஃப் ஸ்தாபனம் 1990-களில் உருவாக்கிய அத்தொடரில், மீனாவுக்கும் அவள் தம்பி ராஜுவுக்கும் அவளுடைய கிளி மிட்டுவுக்கும் உருவமளிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. இது வரைவதற்கு எளிய வேலையாகத் தோன்றலாம். உண்மையில் மிகக் கடினமானது. வங்கதேசத்துக் கிராமத்தாள், நேபாள மலைநாட்டாள், பாகிஸ்தானத்துச் சிற்றூராள், இந்தியக் குடியானவள் ஆகிய நால்வரும் அவளைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகப் பார்க்க வேண்டும். எந்த ஒரு மதத்துக்கோ தேசத்துக்கோ உரியவள் என்று உடையோ நெற்றியோ காட்டிக்கொடுத்துவிடக் கூடாது. 'மகளைப் பள்ளிக்கு அனுப்பு' என்று பிரசங்கம் செய்யாமல், தம்பிக்குப் படைத்த முட்டையில் அக்காளுக்கும் பங்கு உண்டு என்பதைக் கதையாலேயே உணர்த்திய அத்தொடரை, எல்லை கடந்து நான்கு தேசத்துக் குழந்தைகளும் தங்களுடையதாகக் கொண்டாடினார்கள்.

ஏறத்தாழ அதே காலத்தில் அவர் ஜப்பானியர்களான கோய்ச்சி சசாகியுடனும் யூகோ சகோவுடனும் சேர்ந்து இயக்கிய 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' வெளிவந்தது. அகழ்வாராய்ச்சி பற்றிய படமொன்றை எடுக்க 1983-இல் இந்தியா வந்த சகோ, ராமகாதையில் மனத்தைப் பறிகொடுத்து இம்முயற்சியில் இறங்கினார். ராமனைக் கார்ட்டூனாக வரைவது தகுமா என்ற எதிர்ப்பு இங்கே கிளம்ப, வேலை ஜப்பானிலேயே நடந்தேறியது. நானூற்றைம்பது சித்திரக்காரர்கள் சுமார் ஒரு லட்சம் தகடுகளை வரைந்ததாகச் சொல்லப்படும் அப்படத்தில், வேட்டி எப்படி மடியும், வணங்கும்போது விரல்கள் எப்படிக் குவியும், வில்லேந்தியவன் எப்படி அமர்வான் என்பனவற்றையெல்லாம் ஜப்பானியக் கைகளுக்குப் புரிய வைக்கும் இந்தியக் கண்ணாக அமைந்தவர் ராம் மோகன். 1993-இல் புதுதில்லித் திரைப்பட விழாவில் காட்டப்பட்டும் கொட்டகைகளில் போதிய ஆதரவு பெறாத அப்படம், 2025 ஜனவரியில் புதுப்பொலிவோடு தமிழ் உள்ளிட்ட பாஷைகளில் வெளியாயிற்று. அதைக் காண அவர் இல்லை. 2014-இல் பத்மஸ்ரீ பெற்ற அவர், 2019 அக்டோபர் 11-ஆம் தேதி காலமானார்.

இந்த நீண்ட ஜீவிதத்தைப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும். சர்க்காருக்காகவும், விளம்பரக்காரர்களுக்காகவும், பிறருடைய படங்களுக்காகவும், சர்வதேச ஸ்தாபனத்துக்காகவும் அவர் ஓயாமல் வரைந்தார். தம் விருப்பத்தால் தமக்கென்று வரைந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கன. பிறருக்காக வரைந்தது பிறரையே சேரும் என்று சட்டமும் கூறுகிறது. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, உத்தியோகத்தில் இருப்பவன் கடமையாகச் செய்த படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், முதல் உரிமையாளன் எஜமானன். சர்க்காருக்காகச் செய்தது சர்க்காரைச் சேரும். அவருக்குப்பின் வந்த தலைமுறைக்கு இந்நிலை இன்னும் இறுகிற்று. கேபிள் தொலைக்காட்சியும் கம்ப்யூட்டரும் பரவிய 1990-களுக்குப் பிறகு சென்னையிலும் ஹைதராபாத்திலும் திருவனந்தபுரத்திலும் தோன்றிய நிலையங்களில், ஆயிரக்கணக்கான இளைஞர் அந்நிய தேசத்துத் தொடர்களுக்குக் கூலிக்கு இடைநிலைச் சித்திரம் வரைந்தார்கள். திருவனந்தபுரத்து டூன்ஸ் 2003-இல் தெனாலிராமனைத் தொடராக்கியதும், 2007-இல் தமிழ்க் குழந்தைகளுக்கென்றே சுட்டி டிவி வந்ததும், ஹைதராபாத்திலிருந்து 2008-இல் புறப்பட்ட சோட்டா பீம் தமிழ் பேசி வீட்டுக்கு வீடு புகுந்ததும் சந்தையைப் பெருக்கின. சித்திரக்காரனின் பெயரைப் பெருக்கவில்லை.

அப்பெயருக்கு ஒரு வாசல் திறந்தது இணையத்தின் வழியாகத்தான். நாகபுரியைச் சேர்ந்த ரோகன் சக்கரவர்த்தி இதற்குத் தக்க சான்று. பல் மருத்துவம் பயின்று அத்தொழிலைத் துறந்த அவர், பெங்களூரில் அனிமேஷன் துறையில் வடிவமைப்பாளராய்ப் பணிபுரிந்தவர். காட்டு விலங்குகளையும் பறவைகளையும் பாத்திரங்களாக்கி 2010-இல் அவர் தொடங்கிய 'கிரீன் ஹ்யூமர்' என்ற இணையச் சித்திரத்தொடர், பத்திரிகைகளும் தேடிவந்து வெளியிடும் நிலையை எய்தியது. எஜமானனுடைய கதைக்குப் பகலில் கோடு இழுத்தவன், தன் கதையைத் தானே எழுதி, தானே வரைந்து, தன் பெயரோடு உலகின் முன் வைக்கலாம் என்பது ராம் மோகனின் இளமைக் காலத்தில் நினைத்துப் பார்க்கவும் முடியாத சுதந்திரம். இச்சுதந்திரத்தில் ஊதியம் நிச்சயமில்லை என்பதும் உண்மையே. ஆயினும் பெயர் நிச்சயம்.

இனி ஆரணிக்குத் திரும்புவோம். 2008-09-ஆம் வருஷத்தில் ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் நெய்ததை ஆரணிப் பட்டு என்று சொல்லி விற்கலாகாது என்ற பாதுகாப்பு அதனால் உண்டாயிற்று, நல்லதே. ஆனால் அக்குறியீடு காப்பது ஊரின் பெயரை. கட்டம் போட்ட தாளில் குனிந்திருந்தவன் பெயரை அது அறியாது. 2000-ஆம் வருஷத்து வடிவமைப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்தால் ஒரு டிசைனுக்குப் பத்து வருஷமும், நீட்டித்தால் மேலும் ஐந்து வருஷமும் உரிமை உண்டு. பதியத்தக்க டிசைனைப் பதியாமல் விட்டு, தொழில்முறையில் ஐம்பது பிரதிகளுக்குமேல் செய்துவிட்டாலோ, அதற்கிருந்த பதிப்புரிமையும் அற்றுப்போகும் என்பது சட்டத்தின் மற்றொரு கை. வருஷத்துக்கு வருஷம் கல்யாணப் பருவத்தில் புதுக் கரை கேட்கும் வியாபாரத்தில், படிவம் நிரப்பிக் கட்டணம் செலுத்திப் பதிவுக்குக் காத்திருக்கும் சாவகாசம் ஏழைத் தொழிலாளிக்கு ஏது? இன்று கிராஃப் தாளின் இடத்தில் கம்ப்யூட்டர்த் திரையும், சில தறிகளில் அட்டைச் சங்கிலியின் இடத்தில் மின்னணு ஜக்கார்டும் வந்துவிட்டன; பாபேஜ் தறியிடமிருந்து கடன் வாங்கியது வட்டியோடு தறிக்கே திரும்பி வந்திருக்கிறது. டிசைனைக் களவாடுவதும் அதே அளவுக்கு எளிதாகிவிட்டது. கைபேசியில் ஒரு படம் எடுத்தால் போதும்; மறுவாரம் அந்த மயில் வேறொரு ஊரின் விசைத்தறியில் ஏறிவிடும்.

ராம் மோகனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, அவர் படங்களின் தொடக்கத்திலும் முடிவிலும் பெயரெழுதும் வழக்கம் சினிமாவில் இருந்தமையால்தான் என்பதை மறக்கலாகாது. பார்த்தவர் கவனிக்காவிட்டாலும் பெயர் அங்கே இருந்தது. பின்னால் வந்தவர்கள் தேடிப் படித்து, இவர்தாம் நமக்கு ஆதிகுரு என்று கண்டுகொண்டார்கள். பெயரில்லாத இடத்தில் குரு இல்லை. குரு இல்லாத இடத்தில் சரித்திரமும் இல்லை. பட்டுச் சேலையோடு இன்று சில்க் மார்க் சீட்டு வருகிறது. கைத்தறி முத்திரை வருகிறது. கூட்டுறவுச் சங்கத்தின் சீட்டும் வருகிறது. டிசைன் இன்னாருடையது, அட்டை குத்தியவர் இன்னார், நெய்தவர் இன்னார் என்று மூன்று வரி அந்தச் சீட்டில் சேர்க்கச் சட்டத் திருத்தம் வேண்டாம். சங்கத்தாரும் கடைக்காரர்களும் மனம் வைத்தால் போதும். வாங்குபவர்களுள் பெரும்பாலோர் அதைப் படிக்கமாட்டார்கள். எனினும் அச்சீட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு, ஆரணியின் சரித்திரத்தை இரண்டு யுத்தங்களோடு நிறுத்தாமல் எழுத ஒருவன் வருவான். அவனுக்காகச் செலவாகும் மை, ஒரு புட்டாவுக்குச் செலவாகும் சரிகையைவிட மலிவு.